வானத்தைக் கழித்தல்

இலக்கம் 20417.
படத்தில் அது பதினொரு புள்ளி அகலம்,
ஒன்பது புள்ளி உயரம்.
பேர் வைக்க யாருக்கும் நேரமில்லை.
அங்கிருந்து ஒளி புறப்பட்டு
ஆயிரத்து இருநூறு கோடி வருசம்.
பொகவந்தலாவைக்கு வந்திறங்கியது நேற்றிரவு,
டேட்டா மலிவாகும் நேரத்தில்,
ஏழாம் நம்பர் மலையின் உச்சி வளைவில்.
அங்கே மட்டும்தான் சிக்னல் இரண்டு கோடு எழும்பும்.
ஒரு கையில் குடை, ஒரு கையில் போன்,
காலில் அட்டை.

காம்பிராவில் தம்பி தூங்குகிறான்.
மடிக்கணினி வெளிச்சத்தைக் கம்பளியால் மறைத்து
அதன் உடம்பைப் பார்க்கிறேன்:
தட்டா, உருண்டையா,
இன்னும் சேராத கட்டிகளா.
தட்டு என்றால்
அண்டத்துக்கே நூற்றெண்பது கோடி வயசான காலத்தில்
அது சுழன்று, அடங்கி,
ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டது.
கட்டிகள் என்றால்
இன்னும் அடிபட்டுக்கொண்டிருக்கிறது.
பேராதனையில் பத்மசிறி சேர் கேட்டது இவ்வளவுதான்:
எண்பத்தாறு மண்டலம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம்,
பிழை எல்லையோடு.
அவருக்கு அவசரமில்லை.
எனக்குப் பங்குனியோடு உதவிப்பணம் நிற்கிறது.

அளக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது.
வெற்று வானம் வெறுமையல்ல.
கருவியின் சூடு, சூரியனைச் சுற்றும் தூசியின் மங்கல்,
பக்கத்து விண்மீன் சிந்தியது,
எல்லாம் சேர்ந்து ஒரு பாரம்.
அதைக் கணித்துப் படம் முழுக்கக் கழிக்க வேண்டும்.
மிச்சம்தான் மண்டலம்.

இந்த இடத்தில் எனக்குப் பாடப்புத்தகம் தேவைப்படவில்லை.
பதினொரு வயதில் தராசடியில் நின்றிருக்கிறேன்.
கணக்கப்பிள்ளை முகத்தைப் பார்க்கமாட்டார்.
"இருபது அரை. சாக்கு, தண்ணி, மூணு. பதினேழரை."
பதினெட்டு என்றால் பேர்.
பதினேழரை என்றால் அரைப்பேர்.
மழை பெய்தால் நாலு கழியும்.
பெய்யாவிட்டாலும் மூணு.

20417இலிருந்து வானத்தைக் கழித்தேன்.
நடுவில் ஒரு மொட்டு மட்டும் நின்றது.
உருண்டை, என்று எழுதி வைத்தேன்.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
பேட்டரியில் நாற்பது நிமிடம்.
என்னவோ உறுத்தி, கழித்த இடத்துக்குத் திரும்பிப் போனேன்.
வானம் என்று நான் போட்ட வளையம்
ரொம்பக் கிட்டே இருந்தது.
அதன் ஓரத்து வெளிச்சத்தையே வானமென்று எண்ணி
அதிலிருந்தே அதைக் கழித்திருக்கிறேன்.

வளையத்தைத் தள்ளிப் போட்டேன்.
முப்பது புள்ளி. பிறகு நாற்பது.
ஒவ்வொரு தள்ளலுக்கும்
விளிம்பிலிருந்து கொஞ்சம் திரும்பி வந்தது.
சுருள் இல்லை, கைகள் இல்லை.
சாய்ந்த தட்டொன்றின் ஓரம்,
தகரத்தில் சுட்ட ரொட்டிபோல
ஒரு பக்கம் தடிப்பாக.
மொத்த ஒளியில் நூற்றுக்கு ஆறு.
பிழை, மேலும் கீழும் நான்கு.
சேர் நம்பமாட்டார்.
நானே பாதிதான் நம்புகிறேன்.
அரைப்பேர்.

நாலரைக்கு அம்மா எழுந்து அடுப்பை ஊதினாள்.
கொழுந்துச் சாக்கு ஆணியில் தொங்கியது.
இது எவ்வளவு பாரம்மா, என்றேன்.
"மூணு கிலோ."
யோசிக்கவேயில்லை.
முப்பத்திரண்டு வருசமாகக் கேட்ட விடை.

ஞாயிற்றுக்கிழமை
சாக்கைப் பீலியில் நனைத்து, பிழியாமல்
ஒரு வாளியில் போட்டு டவுனுக்குக் கொண்டுபோனோம்.
பஸ்ஸில் கொண்டக்டர் வாளியைப் பார்த்தான், கேட்கவில்லை.
நவ்பர் நானா பருப்புத் தூசியை
மின்தராசிலிருந்து துடைத்துவிட்டார்.
"வெறும் சாக்கா?"
வெறும் சாக்கு.

சிவப்பில் எழுந்தது: 0.780

கண்ணாடி இல்லாமல்
அம்மா கிட்டப் போய் வாசித்தாள்,
புள்ளியையும் சேர்த்து.
நானா எதுவும் பேசவில்லை.
பின்னால் சீனிக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னொருக்கா வையுங்க" என்றாள் அம்மா.

0.775

கொஞ்சம் தண்ணீர் சொட்டியிருந்தது.